காலித் தோட்டா உறைகளைத் தரம் பிரிக்கத் தராசு மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெளிநாடுகளில் துப்பாக்கி சுடுதலைப் பொழுதுபோக்காகக் கொண்டவர்கள், சுட்டு முடித்த ரைஃபிள் தோட்டாக்களின் பித்தளை உறைகளைப் பொறுக்கி, தரம் பிரித்து, மறுபடியும் மருந்தும் குண்டும் ஏற்றிப் பயன்படுத்துவதைப் பற்றித் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வெளியான கட்டுரையை மிகுந்த ஆர்வத்துடன் படித்தேன். தமிழில் அதிகம் எழுதப்படாத ஒரு பொருளை எளிய நடையில் எடுத்துச் சொன்ன கட்டுரையாளரைப் பாராட்டுகிறேன். ஆயினும், உறைகளை டிஜிட்டல் தராசில் நிறுத்து ஒரே எடை உள்ளவற்றை ஒன்றுசேர்த்துவிட்டால் குறி தவறாத தோட்டாக்கள் கிடைத்துவிடும் என்று அதில் சொல்லப்பட்டிருப்பது பாதி உண்மைகூட இல்லை. அம்மோனியா கலந்த பாலிஷ் போட்டு உறைகளைப் பளபளப்பாக்கலாம் என்ற வரியோ ஆபத்தானது. இவ்விரண்டையும், போகிற போக்கில் நம் நாட்டு வீரர்களுக்கு அதில் சொல்லப்பட்டிருந்த ஓர் அறிவுரையையும் குறித்துச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது. கடிதம் நீள்வதைப் பொறுத்தருள வேண்டுகிறேன்.

எனக்கு இதில் என்ன தகுதி என்று கேட்கலாம். நான் வேட்டைக்காரனும் இல்லை, துப்பாக்கி சுடும் வீரனும் இல்லை. பெங்களூரு பீன்யா தொழிற்பேட்டையில் இயந்திர உதிரிபாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் 31 ஆண்டுகள் மைக்ரோமீட்டரும் கையுமாக இருந்து ஓய்வுபெற்றவன். அல்சூர் ஏரிக்கு அருகில் குடியிருப்பவன். என் தகப்பனார் அந்த ஏரியை ஒட்டியுள்ள மெட்ராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவில் பணியாற்றியவர். சுடுதளத்தில் பயிற்சி முடிந்தபின், கொடுத்த தோட்டாக்களின் கணக்குக்குச் சரியாகக் காலி உறைகளையும் எண்ணி ஒப்படைத்தால்தான் அன்றைய வேலை முடியும் என்றும், ஒன்று குறைந்தாலும் எல்லோரும் வரிசையாக நின்று புல்லுக்குள் தேட வேண்டும் என்றும் அவர் சொல்லக் கேட்டு வளர்ந்ததால், காலி உறையைக் குப்பை என்று நினைக்கும் பழக்கம் எங்கள் வீட்டில் யாருக்கும் இருந்ததில்லை. பிற்காலத்தில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் என் மகள் வீட்டில் ஆறு மாதம் தங்கியிருந்தபோது, பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருவர் தன் கார் கொட்டகையில் இந்த வேலையைச் செய்துகொண்டிருப்பதைப் பார்த்து, அளவுக் கருவிகளின் மீதிருந்த பழைய பாசத்தால் அவருக்கு உதவியாளனாகச் சேர்ந்தேன். சொந்த உபயோகத்திற்குத் தோட்டா ஏற்றிக்கொள்ள அந்த நாட்டில் மத்திய அரசின் உரிமம் தேவையில்லை. நான் ஒரு தோட்டாவையும் ஏற்றவில்லை. உறைகளைப் பிரித்துக் கொடுத்தேன், அவ்வளவுதான். ஆனால் பிரிப்பதிலேயே முக்கால் வேலை இருக்கிறது என்பதை அங்கே தெரிந்துகொண்டேன்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். ரைஃபிள் தோட்டாவின் உறை என்பது மருந்தை அடைத்து வைக்கும் டப்பா மட்டுமன்று. 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் கலந்த பித்தளையால் ஆன அந்த உறை, மருந்து எரியும் கணத்தில் விரிந்து துப்பாக்கியின் தோட்டா அறைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு, வாயு பின்பக்கம் கசியாமல் அடைத்து நின்று, அழுத்தம் தணிந்ததும் சற்றுச் சுருங்கி வெளியே வர இடம் கொடுக்கிறது. அந்த மருந்து எரியும் உலையும் அதுவே. உலையின் கொள்ளளவு மாறினால் அழுத்தம் மாறும். அழுத்தம் மாறினால் குண்டின் வேகம் மாறும். நொடிக்கு 800 மீட்டர் வேகத்தில் புறப்படும் ஒரு குண்டு 300 மீட்டர் தொலைவைக் கடக்க அரை நொடிக்குச் சற்றுக் குறைவான நேரம் ஆகிறது. அந்த நேரத்திற்குள் அது முக்கால் மீட்டருக்கு மேல் கீழே இறங்கிவிடும். வேகத்தில் வெறும் 10 மீட்டர் குறைந்தாலும் இன்னும் ஏறத்தாழ 2 சென்டிமீட்டர் தாழ்ந்து தைக்கும். பன்னாட்டு 300 மீட்டர் ரைஃபிள் போட்டியின் இலக்கில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டமே 10 சென்டிமீட்டர்தான் என்பதை நினைத்தால், காற்றும் கை நடுக்கமும் தங்கள் பங்கைக் கேட்பதற்கு முன்பே உறை தன் பங்கை எடுத்துக்கொள்கிறது என்பது புரியும்.

அப்படியானால் கொள்ளளவை ஒரே சீராக வைத்துக்கொள்ள எடை பார்ப்பது நியாயந்தானே என்று கட்டுரையாளர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. வெளியளவு ஒன்றாக இருக்கும் இரண்டு உறைகளில் எது கனமோ அதில் பித்தளை அதிகம். பித்தளை அதிகமானால் உள்ளே இடம் குறைவு என்பதுதான் இதன் அடிப்படை. பித்தளையின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 8.5 கிராம். பரவலாகப் புழங்கும் 308 வின்செஸ்டர் என்ற ரைஃபிள் தோட்டா உறையின் உள்ளே ஏறத்தாழ 3.6 கிராம் தண்ணீர் பிடிக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஓர் உறை மற்றொன்றைவிடப் பத்தில் ஒரு கிராம் கூடுதல் எடை என்றால், அந்தக் கூடுதல் பித்தளை முழுவதும் உட்சுவரில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டாலும், கொள்ளளவில் வரும் வேறுபாடு 0.012 கன சென்டிமீட்டர், அதாவது மொத்தத்தில் 0.3 விழுக்காடு மட்டுமே. அதுவும் முழுவதும் உட்சுவரில் இருந்தால்தான். பெரும்பாலும் அப்படி இருப்பதில்லை என்பதில்தான் சிக்கலே இருக்கிறது.

உறை எப்படிச் செய்யப்படுகிறது என்பதைப் பார்த்தால் காரணம் விளங்கும். பித்தளைத் தகட்டிலிருந்து வெட்டிய வில்லையைக் கிண்ணமாக்கி, அந்தக் கிண்ணத்தைப் பல கட்டங்களில் இழுத்து நீட்டி, இடையிடையே சூடாக்கி இளக்கி, அடியை அழுத்தி முத்திரை குத்துகிறார்கள். அதன் பிறகு, சுட்டபின் உறையைப் பிடித்து வெளியே இழுக்கும் நகம் பற்றுவதற்காக, அடி விளிம்பை ஒட்டி ஒரு பள்ளத்தைக் கடைசல் இயந்திரத்தில் வெட்டுகிறார்கள். அந்தப் பள்ளம் சற்று ஆழமாக வெட்டப்பட்டாலும், விளிம்பின் விட்டம் சற்றுக் குறைந்தாலும், உறையின் எடை குறைந்துவிடும். உள்ளே இருக்கும் இடமோ அணுவளவும் மாறாது. டெக்சாஸில் நான் பிரித்த குவியலில் இரண்டு உறைகள் தராசின் கடைசி இலக்கம் வரை ஒன்றாக நின்றன, இரட்டைப் பிள்ளைகள் போல. தண்ணீர் நிரப்பி நிறுத்தபோது அவற்றுக்கிடையே 0.02 கிராம் வேறுபாடு இருந்தது. ஒன்றின் பள்ளம் மற்றதைவிட ஆழம் என்பதைக் கண்ணாலேயே பார்க்க முடிந்தது. தராசு சொன்னது பொய்யன்று. நாம் கேட்ட கேள்விதான் வேறு.

தண்ணீர் நிரப்பும் சோதனையைப் பற்றியும் ஒரு வார்த்தை. கொள்ளளவை நேரடியாக அளக்க இதைவிட நேர்மையான வழி கிடையாது. சுட்ட உறையில், சுட்ட பிரைமரை (மருந்துக்குத் தீ மூட்ட அடியில் பதித்திருக்கும் சிறு மூடியை) எடுக்காமல் அப்படியே விட்டுவிட்டால் அடித்துளை அடைபட்டிருக்கும். காய்ந்த உறையை நிறுத்து, வாய் மட்டத்திற்குத் தண்ணீர் நிரப்பி மறுபடி நிறுத்தால், இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே கொள்ளளவு. கேட்பதற்கு எளிது. நான் முதலில் ஒரே உறையை மூன்று முறை நிரப்பி நிறுத்தபோது மூன்று வேறு எண்கள் வந்தன. உறை கழுத்தாகக் குறுகும் தோள்பட்டைக்குக் கீழே ஒட்டிக்கொண்டிருந்த காற்றுக்குமிழும், வாயில் குவிந்தும் குழிந்தும் நின்ற நீர்மட்டமும் என்னை ஏமாற்றின. தண்ணீரில் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் சோப்புத் திரவத்தைக் கலந்து, உறையை மெல்லத் தட்டிக் குமிழை வெளியேற்றிய பிறகுதான் எண்கள் நிலைத்தன. அளப்பதில் நேரும் பிழை, அளக்கப்படும் வேறுபாட்டில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது என்று பீன்யாவில் புதிதாக வரும் பையன்களுக்கு முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுப்போம். 0.02 கிராம் வேறுபாட்டைத் தேடுகிறவன் 0.01 கிராம் பிழையுள்ள கையோடு உட்கார்ந்தால், அவன் தரம் பிரிக்கவில்லை, சீட்டுக் குலுக்குகிறான்.

அப்படியானால் எதை வைத்துத்தான் பிரிப்பது? என் பதில் ஒன்றுதான்: உறையின் பிறப்பையும் வாழ்க்கையையும் வைத்து. எடை அதற்குப் பிறகு.

பிறப்பு என்பது அடியில் குத்தியுள்ள முத்திரை. அதற்கும் முன்பாக, கலந்து கிடக்கும் வாளியிலிருந்து வேறு ஜாதி உறைகளை விலக்க வேண்டும். காந்தத்தை ஒருமுறை உள்ளே விட்டுச் சுழற்றினால் பித்தளைப் பூச்சுப் பூசிய இரும்பு உறைகள் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். 308 உறையிலிருந்தே கழுத்தைக் குறுக்கிப் பிறந்த 243 போன்ற பங்காளிகள் தூரத்தில் ஒன்றுபோலவே தெரிவார்கள். வாயின் விட்டத்தைப் பார்த்தால்தான் அகப்படுவார்கள். பிறகு டார்ச் அடித்து உள்ளே பார்க்க வேண்டும். அடியின் நடுவில் ஒரே துளை தெரிந்தால் அது பாக்சர் என்ற பிரைமர் முறை. இரண்டு சிறு துளைகள் தெரிந்தால் பெர்டான் முறை. பெர்டான் உறையில் பழைய பிரைமரைத் தள்ளி எடுக்கும் ஊசி நடுவில் இறங்க வழியில்லாததால் ஊசிதான் உடையும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1866-ஆம் ஆண்டையொட்டி பாக்சர் முறையை உருவாக்கியவர் ஆங்கிலேயர், பெர்டான் முறையை உருவாக்கியவர் அமெரிக்கர். இன்றைக்கு அமெரிக்காவில் விற்கும் ரைஃபிள் தோட்டாக்களில் பெரும்பாலானவை பாக்சர் வகை, பெர்டான் வகையோ ஐரோப்பிய ராணுவங்களில் பரவியது. பிள்ளைகள் வீடு மாறி வளர்ந்த கதை.

முத்திரைக்கு வருவோம். ஒரே அளவு என்று பெயர் பெற்ற உறைகளிலேயே தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் சுவர்த் தடிமன் வேறுபடும். 1952-இல் 308 வின்செஸ்டர் என்று வணிகத்திற்கு வந்த தோட்டாவும், 1954-இல் 7.62 மில்லிமீட்டர் என்று நேட்டோ படைகள் ஏற்ற தோட்டாவும் வெளித்தோற்றத்தில் ஏறக்குறைய ஒன்றே. ஆனால் மிசூரி மாநிலத்தின் லேக் சிட்டி ஆயுதத் தொழிற்சாலையில் செய்யப்படும் ராணுவ உறை, சில வணிக உறைகளைவிட ஒரு கிராமுக்கு மேல் கனமாக இருப்பது சாதாரணம். முன்பு போட்ட கணக்கையே இங்கும் போட்டால், ஒரு கிராம் பித்தளை கொள்ளளவில் 3 விழுக்காட்டுக்கு மேல் விழுங்கிவிடும். மெல்லிய உறைக்கென்று பார்த்துப் பார்த்து நிர்ணயித்த மருந்து அளவை, கவனக்குறைவாகத் தடித்த உறைக்குள் கொட்டினால், குறி தவறுவது சின்ன நஷ்டம். அழுத்தம் எல்லை மீறிப் போவதுதான் பெரிய நஷ்டம். ஆகவே தயாரிப்பாளரைப் பார்த்துப் பிரிப்பது துல்லியத்திற்கு மட்டுமல்ல, சுடுகிறவரின் கண்ணுக்கும் கைக்கும் பாதுகாப்பு. கட்டுரையில் இந்தப் பாதுகாப்பைப் பற்றி ஒரு வரியும் இல்லாதது எனக்கு வருத்தமே.

ராணுவ முத்திரையில் ஒரு வசதி உண்டு: தயாரித்த ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்களும் சேர்த்துக் குத்தப்பட்டிருக்கும். வணிக உறைகளில் பொதுவாக ஆண்டு இருக்காது. ஒரே நிறுவனத்தின் பெயர் இருப்பதாலேயே ஒரே வார்ப்பு, ஒரே அச்சு, ஒரே லாட் (ஒரே சமயத்தில் செய்த தொகுதி) என்று கொள்ள முடியாது. அச்சுகள் தேயும், மாற்றப்படும். எங்கள் தொழிற்சாலையில்கூட, காலையில் கடைந்த புஷ்ஷுக்கும் கருவி மாற்றியபின் மதியம் கடைந்த புஷ்ஷுக்கும் வேறுபாடு தெரியும், வரைபடம் ஒன்றாகவே இருந்தாலும். அதனால்தான் அந்தப் பெரியவர் சில்லறையாகச் சேர்ந்த உறைகளைப் பயிற்சிக்கு ஒதுக்கிவிட்டு, போட்டிக்கென்றால் ஒரே பெட்டியில் புதிதாக வாங்கிய தோட்டாக்களின் உறைகளை மட்டும் பிரியாமல் வைத்திருந்தார்.

அடுத்தது வாழ்க்கை. இதை எழுதும்போது எனக்கு ஊரில் எங்கள் தெருக்கோடியில் இருந்த கன்னார் நினைவுக்கு வருகிறார். பித்தளைத் தகட்டை அடித்து அடித்துக் குடமாக்குகிறபோது, சிறிது நேரத்தில் தகடு இறுகிப்போய்ச் சுத்தியலை எதிர்க்கத் தொடங்கும். உடனே அதை நெருப்பில் காட்டி இளக்கிவிட்டு மறுபடி அடிப்பார். இளக்காமல் அடித்தால் வெடித்துவிடும் என்பார். தோட்டா உறையின் கழுத்துக்கும் அதுவே விதி. ஒவ்வொரு முறை சுடும்போதும் கழுத்து விரிகிறது. ஒவ்வொரு முறை அச்சில் இட்டு அளவுக்குக் கொண்டுவரும்போதும் குறுகுகிறது. இந்த விரிதலும் குறுகலும் பித்தளையை இறுக்குகின்றன. ஒருமுறை சுட்ட உறையின் கழுத்து குண்டைப் பிடித்திருக்கும் பிடியும், ஐந்து முறை சுட்ட உறையின் பிடியும் ஒன்றாக இருக்கவே முடியாது. பிடி வேறானால் குண்டு விடுபடும் கணமும் வேறு. இந்த வேறுபாட்டைத் தராசு ஒருநாளும் காட்டாது, ஏனெனில் இறுகிய பித்தளைக்கும் இளகிய பித்தளைக்கும் எடை ஒன்றே. இதற்குப் பரிகாரமாகச் சிலர் கழுத்தை மட்டும் சில நொடிகள் சூடாக்கி இளக்குவார்கள். அடிப்பகுதி இளகிவிட்டால் உறை உயிருக்கே உலை வைக்கும் என்பதால் அது அனுபவசாலிகளின் வேலை. பத்திரிகையில் படித்துச் செய்யும் காரியம் அன்று.

ஆகையால் எத்தனை முறை சுடப்பட்டது, எந்தத் துப்பாக்கியில் சுடப்பட்டது என்ற கணக்கு எல்லா அளவையும்விட முக்கியம். அந்தப் பெரியவர் ஐம்பது ஐம்பதாகப் பெட்டியில் அடுக்கி, மூடியில் சீட்டு ஒட்டி, சுடும்தோறும் ஒரு கோடு இழுத்து வைப்பார். ஒரு பெட்டியின் உறை மற்றொரு பெட்டிக்குப் போகவே கூடாது. ஒருமுறை அவருடைய பேரன் இரண்டு பெட்டிகளைக் கீழே கொட்டிக் கலந்துவிட்டான். அவர் திட்டவில்லை. நூறையும் எடுத்துப் பயிற்சி வாளியில் போட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார். அந்த அமைதியில் இருந்த துக்கத்தை, லாட் எண் தொலைந்துபோன பாகங்களைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற எந்தத் தரக்கட்டுப்பாட்டுக்காரனும் புரிந்துகொள்வான்.

சுடச்சுட உறை நீளவும் செய்கிறது. 308 உறையின் உச்ச நீளம் 51.18 மில்லிமீட்டர், அதைத் தாண்டினால் வெட்டிச் சீராக்க வேண்டும். நீண்ட பித்தளை எங்கிருந்து வந்தது என்று யோசிக்க வேண்டும். அடிக்குச் சற்று மேலே உள்ள சுவர் மெலிந்துதான் வந்தது. அந்த இடத்தில் வெளிப்புறம் ஒரு வெளிர்ந்த வளையம் தெரியத் தொடங்கினால், நுனியை மடக்கிய மெல்லிய கம்பியை உள்ளே விட்டுச் சுவரைத் தடவிப் பார்ப்பார்கள். கம்பி ஒரு பள்ளத்தில் இடறினால், அடுத்த சூட்டில் உறை இரண்டாகப் பிரியக்கூடும் என்று பொருள். அந்த உறை எத்தனை அழகாக இருந்தாலும், எடை எத்தனை சரியாக இருந்தாலும், இடுக்கியால் நசுக்கிக் காயலான் கடைக்குத்தான் போக வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்த அளவு கழுத்தின் சுவர்த் தடிமன். ஒரு முனை உருண்டையாக உள்ள குழாய் மைக்ரோமீட்டரைக் கழுத்துக்குள் விட்டு உறையை மெல்லச் சுழற்றினால், ஒரு பக்கம் 0.36, எதிர்ப்பக்கம் 0.40 மில்லிமீட்டர் என்று காட்டும் உறைகள் அகப்படும். ஒருபுறம் தடித்து மறுபுறம் மெலிந்த கழுத்து குண்டை நேர் நடுவில் நிறுத்தாது. அதுமட்டுமன்று, கழுத்தில் தெரியும் இந்த ஏறுமாறு பெரும்பாலும் உடல் முழுவதும் ஓடிக்கொண்டிருக்கும், ஏனெனில் முதல் கிண்ணத்திலேயே தகடு ஒருபக்கம் தடித்திருந்தால் இழுக்க இழுக்க அந்தக் குறை நீண்டுகொண்டேதான் போகும். அத்தகைய உறை சூட்டின் அழுத்தத்தில் மெல்லிய பக்கம் அதிகம் நீண்டு, கண்ணுக்குத் தெரியாத அளவில் வாழைப்பழம் போல வளைந்துவிடும். கழுத்தைச் சுற்றிலும் சீவி ஒரே தடிமனாக்க முடியும். உடலின் குறையைச் சீவி எடுக்க முடியாது. ஒரு நாளைக்கு ஒரே ஒரு சோதனைக்குத்தான் நேரம் என்றால், தராசை மூடி வைத்துவிட்டு இதைத்தான் செய்வேன்.

தராசின் மீது எனக்குப் பகை ஒன்றும் இல்லை. ஒரே லாட், ஒரே வயது, ஒரே துப்பாக்கி, ஒரே நீளம் என்று எல்லாவற்றையும் ஒப்பாக்கிய பிறகு, நூறில் தனித்து நிற்கும் இரண்டு மூன்றை விலக்கத் தராசு நல்ல துணை. அமெரிக்கர்கள் இதற்குக் கிரெயின் என்ற எடையைப் பயன்படுத்துகிறார்கள். அது 0.0648 கிராம்; நம் தட்டார்கள் பொன் நிறுத்த குன்றிமணியில் ஏறத்தாழ பாதி. ஒரு தானிய மணியின் எடையிலிருந்து பிறந்த அளவு என்பதால் நமக்கு அந்நியமும் அன்று.

இனி அந்தப் பாலிஷ் விஷயம். வெள்ளைக்காரர்கள் இந்தியாவை ஆண்ட காலத்தில், குதிரை லாயங்களில் அடுக்கி வைத்திருந்த தோட்டாக்களின் பித்தளை உறைகள் மழைக்காலம் வந்தால் யாரும் தொடாமலேயே வெடிப்பு விட்டன. பருவத்தோடு வந்த வெடிப்பு என்பதால் அதற்குப் பருவ வெடிப்பு என்றே பெயர் வைத்தார்கள். நெடுநாள் புரியாதிருந்த இந்தப் புதிரை 1921-இல் மூர், பெக்கின்சேல், மாலின்சன் என்ற மூவர் அவிழ்த்தார்கள். குதிரை மூத்திரத்திலிருந்து எழும் அம்மோனியா, ஈரக்காற்று, உறையைச் செய்தபோது பித்தளைக்குள் தங்கிவிட்ட இறுக்கம் ஆகிய மூன்றும் கூடும் இடத்தில் வெடிப்பு பிறக்கிறது என்றும், செய்து முடித்தபின் மிதமாகச் சூடாக்கி அந்த இறுக்கத்தைத் தளர்த்திவிட்டால் வெடிப்பு வராது என்றும் அவர்கள் காட்டினார்கள். உலகத்து உலோகவியல் மாணவர்கள் எல்லோரும் படிக்கும் இந்தப் பாடம் நம் மண்ணின் மழையில் பிறந்தது. அப்படியிருக்க, பலமுறை சுட்டு இறுகிப்போன கழுத்துள்ள உறையை அம்மோனியா கலந்த பாலிஷில் தேய்க்கச் சொல்வது, அந்தப் பழைய லாயத்தைக் கொண்டுவந்து வீட்டு மேசையில் கட்டுவதற்குச் சமம். நம் வீட்டுப் பெண்கள் பித்தளைக்குப் புளி போட்டார்கள். மறுஏற்றம் செய்கிறவர்களில் பலரும் இன்று மிகவும் நீர்த்த எலுமிச்சை உப்பைத்தான் பயன்படுத்துகிறார்கள், தத்துவம் ஒன்றே. அதிலும் அளவு மீறி ஊறவிட்டால் துத்தநாகம் கரைந்து, இளஞ்சிவப்புப் புள்ளிகள் தோன்றும். என் மகள் ஒரு பூஜைச் செம்பை இரவு முழுவதும் ஊறவைத்து இந்தப் பாடத்தைச் செலவில்லாமல் நடத்திக் காட்டினாள். எப்படியானாலும் பளபளப்புக்கும் துல்லியத்துக்கும் உறவு கிடையாது. உறை சுத்தமாக இருந்தால் வெடிப்பும் வளையமும் கண்ணுக்குத் தெரியும். சுத்தத்தின் பயன் அவ்வளவே.

கட்டுரையின் இறுதியில், நம் வீரர்களும் இப்படி உறை பிரித்துத் தோட்டா ஏற்றக் கற்றால் ஒலிம்பிக் பதக்கங்கள் குவியும் என்று எழுதப்பட்டிருந்தது. ஆர்வத்தை மதிக்கிறேன், ஆனால் செய்தி சரியன்று. 2008-இல் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்ற 10 மீட்டர் போட்டி காற்றுத் துப்பாக்கிக்கானது; அதில் உறையே கிடையாது. 2024-இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வென்ற 50 மீட்டர் போட்டியில் பயன்படுவது 22 விளிம்புத் தோட்டா. அதில் வெடி ரசாயனம் அடியின் விளிம்புக்குள்ளேயே பூசப்பட்டு, ஊசி அந்த விளிம்பை நசுக்கித்தான் தீ மூட்டுகிறது. நசுங்கிய விளிம்பை யாரும் மறுபடி ஏற்ற முடியாது. பெரிய ரைஃபிளுக்கான 300 மீட்டர் போட்டி 1972-க்குப் பிறகு ஒலிம்பிக்கில் இல்லை. ஆனாலும் நம் வீரர்களும் வேறு வடிவத்தில் இதே வேலையைச் செய்கிறார்கள். தன் துப்பாக்கிக் குழலுக்கு எந்த லாட் தோட்டா ஒத்துப்போகிறது என்று லாட் லாட்டாகச் சுட்டுப் பார்த்து, பிடித்த லாட்டை மொத்தமாக வாங்கிப் பதுக்கி வைப்பது உலகெங்கும் உள்ள வழக்கம். ஒரே பிறப்புள்ளவற்றை ஒன்றாக வைத்துக்கொள் என்ற அதே விதிதான்.

சட்டத்தைச் சொல்லாமல் விட்டதும் பிழை. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவின்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். வெடிமருந்துக்கு 1884-ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டம் தனியே இருக்கிறது. பெங்களூரில் குஜரிக் கடை என்று சொல்லப்படும் பழைய இரும்புக் கடைகளில் தோட்டா உறை தென்பட்டால், அதைப் படிப்பினைக்கென்று கூட வாங்கிவர வேண்டாம் என்று இளைஞர்களைக் கேட்டுக்கொள்கிறேன். சுட்டது எது, சுடாதது எது என்று தெரியாத கைக்கு அது விளையாட்டுப் பொருள் அன்று. அளவியலில் ஆசை உள்ள பிள்ளைகளுக்கு வீட்டிலேயே வேறு பொருள் உண்டு. நான் ஊர் திரும்பிய பிறகு, ஒரே கடையில் வாங்கிய நூறு பித்தளைக் குப்பிகளை, ஆர்வ மிகுதியால், எடையாலும் தண்ணீராலும் சுவர்த் தடிமனாலும் மூன்று முறை பிரித்துப் பார்த்தேன். மூன்று பிரிவினைகளும் மூன்று விதமாக வந்தன. அட்டவணை வேண்டுமென்றால் கட்டுரையாளருக்கு அனுப்பி வைக்கிறேன்.

மற்றவை எப்படியாயினும், அம்மோனியா பற்றிய அந்த ஒரு வரிக்கு மட்டும் அடுத்த ஞாயிறு இணைப்பிலேயே திருத்தம் வெளியிட வேண்டுகிறேன். நம் இணைப்பிதழை வெளிநாட்டில் உள்ள பிள்ளைகளும் இணையத்தில் படிக்கிறார்கள். அவர்களில் யாரேனும் ஒருவர் கார் கொட்டகையில் இப்போது பாலிஷ் டப்பாவைத் திறந்துகொண்டிருக்கலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தரக்கட்டுப்பாட்டு ஆய்வாளர்,
அல்சூர், பெங்களூரு.